செல்ஃப் சுற்றுகிறது, புகையே இல்லை

எங்களுடையது 35 எச்.பி., மூன்று சிலிண்டர் பழைய டிராக்டர். ஊர் நீடாமங்கலம் பக்கம். மேட்டூரை ஜூன் 12-லேயே திறந்துவிட்ட வருடம் அது. வெண்ணாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும், தாளடி அறுப்புக்குப் பிறகு கொட்டகையில் நின்ற வண்டியைச் சேறடிக்க எடுத்தோம். பாட்டரி நல்ல தெம்பாக இருந்தது, செல்ஃபும் வேகமாகச் சுற்றியது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் வரப்பில் போகிறவர் எல்லாம் மெக்கானிக். ஒருவர் வேறு வண்டியில் கட்டி இழுக்கச் சொன்னார். இன்னொருவர் ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி காட்டச் சொன்னார் (தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும், பிஸ்டனுக்கும் கேடு). சித்தப்பாதான், "சைலன்சரைப் பாருடா, புகை வருதா?" என்றார். துளிப் புகை இல்லை. அப்படியென்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. கட்டி இழுத்தும் பயனில்லை.

முதலில் ஸ்டாப் கேபிள், அதாவது என்ஜினை நிறுத்த இழுக்கும் கம்பி. நாள்பட நின்ற வண்டியில் அது துருப்பிடித்து நிறுத்திய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு அது சரியாக இருந்தது. அப்புறம் டேங்க் அடியில் பைப்பைக் கழற்றினால், நூல் மாதிரிதான் டீசல் வந்தது. உள்ளே வலையில் கறுப்பாக வழுவழுவென்று அழுக்கு. பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும், அதில்தான் பாசி மாதிரி இந்த அழுக்கு பிடிக்கிறது.

டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்தோம், அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினோம். முதலில் ஃபில்டர் ஸ்குரூ, அடுத்து பம்ப் ஸ்குரூ, நுரை நின்று டீசல் தெளிவாக வரும்வரை. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கை லீவர் பிடிப்பில்லாமல் ஆடினால் பம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். என்ஜினோடு சுற்றும் கேம் மேடு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும்; என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் லீவர் பிடிக்கும். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கினோம். அந்த நேரம் கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். செல்ஃபையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காமல் ஆறவிட்டு அடிக்க வேண்டும்.

இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் சேற்றில் ஓட்டும் இரும்புக் கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்கிவிட்டோம்.

வெள்ளைப் புகை வந்தும் கிளம்பாத வண்டி என்றால் விஷயம் வேறு. அங்கே டீசல் போகிறது, எரியவில்லை. நாசில், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்றின் அழுத்தம்) என்று பார்க்க வேண்டும். அதற்குப் பம்ப் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுவதுதான் சரி.