கறுப்பு முகங்களும் திரை வெளிச்சமும்: இரண்டு அனுபவங்கள்

எடுத்த திரைப்படத்தின் வண்ணங்களைக் கணினியில் சரிசெய்யும் டி.ஐ. கலரிஸ்டாகச் சென்னையில் பணிபுரிகிறேன். ஜூலி டேஷ் இயக்கி 1991-இல் வெளிவந்த ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ படத்தைப் பார்த்த பிறகு, கறுத்த முகங்களுக்கு நான் வண்ணம் சேர்க்கும் விதமே மாறிவிட்டது. அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கரையோரத் தீவுகளில் வாழ்ந்த கல்லா-கீச்சி மக்களின், அதாவது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களின் கதை அது, நடப்பது 1902-இல். வடக்கே குடிபெயரவிருக்கும் குடும்பத்துப் பெண்கள் வெள்ளை உடையில் கடற்கரையில் கூடியிருக்கிறார்கள். வெயில், வெள்ளைத் துணி, கறுத்த முகம் மூன்றும் ஒரே பிரேமில் வந்தால் எந்த ஒளிப்பதிவாளரும் திணறுவார். துணிக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (பிலிமில் விழும் ஒளியின் அளவு) வைத்தால் முகம் இருண்டுபோகும்; முகத்துக்கு வைத்தால் துணி வெளிறிப்போகும். ஆர்தர் ஜாஃபாவின் ஒளிப்பதிவிலோ துணியின் மடிப்பும் தெரிகிறது, கன்னத்து மேட்டில் ஒளி சரிவதும் தெரிகிறது, ஒரே குடும்பத்துப் பெண்களுக்குள் ஒருவர் நிறத்துக்கும் இன்னொருவர் நிறத்துக்கும் உள்ள வேறுபாடும் தெரிகிறது. அவுரிச் சாயம் ஏறி நீலம் பாரித்த மூதாட்டியின் கைகளை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

கறுப்பர்கள் ஆக்ஃபா நிறுவனத்தின் பிலிமில் நன்றாகத் தெரிகிறார்கள் என்பதால் கோடக் நிறுவனத்தின் பிலிமைத் தவிர்த்ததாக டேஷ் கூறியிருக்கிறார். காரணம் இல்லாமல் இல்லை. பிரிண்ட் போடும் லேப்களுக்கு, வண்ணத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிவந்த ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்பதே நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது. கறுத்த நிறங்களைப் பிலிம் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் முறையிட்ட பிறகே மாற்றத்துக்கு வேகம் வந்தது என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் பதிவுசெய்திருக்கிறார். மனிதர்களின் முகங்களுக்காக நடந்திருக்க வேண்டிய திருத்தம் மேசைக்கும் மிட்டாய்க்கும் நடந்தது என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

*

மேலே நண்பர் எழுதியதன் தொடர்ச்சியாக என் அனுபவத்தையும் சொல்கிறேன். மதுரையில் கல்யாண போட்டோ எடுப்பவன் நான். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறமாகவும் கழுத்து வேறு நிறமாகவும் இருக்க, ஆல்பத்தில் இன்னும் கொஞ்சம் வெளுக்கச் சொல்வார்கள். அந்தச் சலிப்பில் இருந்த காலத்தில்தான் பேரி ஜென்கின்ஸின் ‘மூன்லைட்’ படத்தைப் பார்த்தேன். 2016-இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற படம். நாம் பவுடர் அப்பிப் பளபளப்பை மறைக்கிறோம்; மயாமியில் வளர்ந்த ஜென்கின்ஸோ, தான் கண்டு வளர்ந்த மனிதர்களின் தோல் வெக்கையில் மின்னுவதைப் போலவே திரையிலும் மின்ன வேண்டும் என்று நடிகர்களுக்கு எண்ணெய் தடவவைத்தார். படத்தின் மூன்று பகுதிகளுக்கும் வெவ்வேறு பிலிமின் சாயலில் வண்ணம் சேர்த்தார்கள். நடுப்பகுதிக்கு எடுத்துக்கொண்டது, டேஷ் நம்பிய அதே ஆக்ஃபா.

இப்போதெல்லாம் வெளுக்கச் சொல்பவர்களிடம், வெளுக்காத படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு முதலில் காட்டுகிறேன். சில வீடுகளில் அதையே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீயின் தொடக்க காலப் படங்களுக்கு எர்னஸ்ட் டிக்கர்சன் செய்த ஒளிப்பதிவைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அந்த அனுபவத்தை அவசியம் எழுதுங்கள்.