பங்க் அளவு மோசடி: ஓனருக்கு முன்ஜாமீன் கிடைக்குமா?

கோர்ட்வாசல்:
விவாதத்துக்கு ஒரு வழக்கை இப்படி வைத்துக்கொள்வோம். பெட்ரோல் பங்கில் சோதனை. ஒரு மெஷினின் பல்சரில் (ஓடும் எண்ணெயைத் துடிப்புகளாக மாற்றி அளவு காட்ட வைக்கும் பாகம்) கூடுதல் சிப் சிக்குகிறது. எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 318(4), அதாவது ஏமாற்றுக் குற்றம், கூடவே 2009-ம் வருஷ எடையளவுச் சட்டம். பெட்ரோல் போடும் பையன்கள் இரண்டு பேர் கைது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 482-ல் ஓனருக்கு முன்ஜாமீன் கொடுத்தே ஆகணும் என்பது என் கட்சி. 318(4)-க்கு உச்சம் 7 வருஷம். அந்த வரம்புக்குள் வரும் குற்றத்தில் கைது அவசியம் என்றால் காரணம் எழுதணும், இல்லையேல் விசாரணைக்கு ஆஜராக நோட்டீஸ் கொடுக்கணும் என்று உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு 2014-லேயே சொல்லிவிட்டது. மெஷினும் போலீஸ் கையில், ரிஜிஸ்டரும் போலீஸ் கையில். ஓனரை உள்ளே வைத்து எதைத் தோண்டப் போகிறார்கள்?

தராசுமுள்:
சிப்பை மாட்டிய மெக்கானிக் யார், ரிமோட் எங்கே, அதே ஆள் இன்னும் எத்தனை பங்கில் கை வைத்தான்? இதெல்லாம் ரிஜிஸ்டரில் இருக்காது சார். 2017-ல் உத்தரப்பிரதேச எஸ்.டி.எஃப். (போலீஸ் சிறப்பு அதிரடிப் படை) லக்னோவில் பிடித்தது ரிமோட் சிப்தான். இன்ஸ்பெக்டர் வந்ததும் ஒரு பட்டன், அளவு சரியாகிவிடும். அதனால் 5 லிட்டர் கேனில் பிடித்துப் பார்த்தபோது சரியாக இருந்தது என்ற வாதம் இங்கே எடுபடாது.

பார்_ரூம்:
அடிப்படையையே விட்டுவிட்டீர்களே. எடையளவுச் சட்டம் 51-வது பிரிவைப் படியுங்கள். அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குப் பொதுத் தண்டனைச் சட்டமே பொருந்தாது. 318(4) போட்டதே தப்பு.

தராசுமுள்:
அது பாதிதான். அமன் மித்தல் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. பொய் எடை, பொய் அளவு பற்றிய பழைய ஐ.பி.சி. 264 முதல் 267 வரை போடக்கூடாது, ஆனால் ஏமாற்றுக் குற்றம் எடையளவுச் சட்டத்துக்குள் அடங்காது, 420 தனியாக நிற்கும். இன்றைக்கு அந்த 420-தான் 318(4). இந்த வாதத்தை முன்ஜாமீன் மனுவின் முதல் பாராவில் வைத்தால் நல்ல பாயின்ட்டும் சேர்ந்து அடிபடும்.

டிப்ராடு:
சட்டம் பேசுகிறவர்கள் மெஷினையும் கொஞ்சம் பாருங்கள். மீட்டரிங் யூனிட்டின் தண்டு சுற்றச் சுற்ற பல்சர் துடிப்பு அனுப்பும். திருட்டு சிப் அதில் கூடுதல் துடிப்பைச் சேர்க்கும். டிஸ்ப்ளே 10 லிட்டர் காட்டும்போது நாசிலில் 9.7 வந்திருக்கும். மொத்த விற்பனையைக் கூட்டிக்கொண்டே வரும் எலக்ட்ரானிக் டோட்டலைசரும் அதே பொய்யைத்தான் எழுதும். டாங்கில் மட்டும் எண்ணெய் மிஞ்சும்.

கணக்குப் போடுங்கள். அந்த மெஷினில் ஒரு நாளைக்கு 4,000 லிட்டர் விற்பனை, குறைவு 3 சதவீதம் என்றால் தினம் 120 லிட்டர் மிச்சம். மூன்று மாதத்தில் 10,800. கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி! காலையில் டிப் எடுத்து (டாங்கில் அளவுகோல் விட்டு இருப்பு பார்த்து), டோட்டலைசர் ரீடிங்கோடு டி.எஸ்.ஆரில் (தினசரி விற்பனைப் பதிவேடு) எழுதுவது பங்கின் வழக்கம். பெட்ரோல் ஆவியாகிக் குறையும், மாதக்கணக்கில் தானாகக் கூடிக்கொண்டே போகாது. மாதக்கணக்கில் கெயின் (கணக்கை விட அதிக இருப்பு) காட்டும் ரிஜிஸ்டரில் ஓனர் கையெழுத்து இருந்தால் "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது.

கோர்ட்வாசல்:
அதே டி.எஸ்.ஆர். ஓனரைக் காப்பாற்றவும் செய்யுமே. மிச்சத்தைப் பையன்கள் ராத்திரி மெஷின் வழியாக இல்லாமல் டாங்கிலிருந்தே கேனில் எடுத்து விற்றிருந்தால் கெயினே வராது. கம்பெனி இன்வாய்ஸும் டோட்டலைசரும் ஒத்துப்போகும். லாபம் தன்னிடம் வரவில்லை என்று ஓனர் அப்போது காட்டலாம். மீட்டரை சீரோவுக்குக் கொண்டுவராமல் போடுகிற தில்லுமுல்லு என்றால் மெஷினுக்கே சம்பந்தமில்லை. நிறுவனம் செய்த குற்றத்துக்கு அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவரையும் குற்றவாளி ஆக்க எடையளவுச் சட்டத்தில் 49-வது பிரிவு உண்டு. 318-ல் அப்படி எதுவும் கிடையாது, அவருடைய எண்ணத்தையே காட்டணும்.

ரிமோட்டைக் கைப்பற்றக் காவல் வேண்டும் என்பதற்கும் பதில் உண்டு. முன்ஜாமீனில் இருப்பவர் சொல்லிப் பொருள் கிடைத்தாலும் அவர் காவலில் இருந்ததாகவே கருதலாம் என்பது 1980-ல் சிப்பியா வழக்கிலிருந்தே இருக்கிறது. 2020-ல் சுசீலா அகர்வால் தீர்ப்பும் அதை உறுதிசெய்தது.

தராசுமுள்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சீலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். முத்திரை ஆய்வாளர் போட்ட ஈய சீலை உடைக்காமல் பல்சருக்குள் கை போகாது. சர்வீஸ் இன்ஜினியர் ரிப்பேருக்குத் திறந்தால் ஜாப் கார்டு (செய்த வேலையின் பதிவுச் சீட்டு) இருக்கணும், மறுமுத்திரை இருக்கணும். இரண்டும் இல்லாமல் சீல் மட்டும் புதிதாக மின்னினால் போலி முத்திரைப் பிரிவு சேரும். அதில் தண்டனை 7 வருஷத்தைத் தாண்டலாம். அர்னேஷ் குமார் கவசம் கழன்றுவிடும்.

பார்_ரூம்:
நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால்? கைது பயம் இல்லை என்று அரசு வக்கீல் சொல்லி மனுவை முடித்துவிடுவாரே.

கோர்ட்வாசல்:
சொல்லுவார். நோட்டீஸுக்கு ஆஜரான தேதி, கொடுத்த ஆவணம், வாங்கிய ஒப்புகை எல்லாவற்றையும் மனுவில் வையுங்கள். ஆஜராகிக்கொண்டிருக்கிறவரையும் காரணம் எழுதிக் கைது செய்ய பி.என்.எஸ்.எஸ். 35(5) இடம் தருகிறது, அச்சத்துக்கு அது போதும். முதலில் செஷன்ஸ், அப்புறம் ஹைகோர்ட். கூட வைக்க வேண்டியவை: கடைசி முத்திரைச் சான்று, ஜாப் கார்டுகள், ஆறு மாத டி.எஸ்.ஆர்., இன்வாய்ஸ், பையன்களின் சம்பளப் பதிவு. வாடிக்கையாளர் நஷ்டம் என்று பெரிய தொகை கட்டச் சொன்னால் ரமேஷ் குமார் தீர்ப்பைக் (2023) காட்டுங்கள். முன்ஜாமீன் கோர்ட் வசூல் மன்றம் இல்லை.

டிப்ராடு:
முன்ஜாமீன் வாங்கினாலும் டீலர்ஷிப் தப்பாது. மெஷினில் அனுமதியில்லாத பொருத்தம் இருந்தால் எண்ணெய் நிறுவனங்களின் ஒழுங்கு விதிப்படி முதல் தடவையிலேயே ரத்து. ரத்துக்கு முன் நிறுவனம் விளக்கம் கேட்டு அனுப்பும் ஷோகாஸ் நோட்டீஸுக்குத் தரும் பதிலை கிரிமினல் வக்கீல் பார்க்காமல் அனுப்பாதீர்கள். "மெக்கானிக் எங்கள் ஆள்தான்" என்று அதில் ஒரு வரி போனால் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் வாசிப்பார்.