நீட் விண்ணப்பம்: பிப்ரவரியிலேயே போடுவதா, பிளஸ் டூ பரீட்சை முடியட்டுமா? (ஏற்காடு)

ஏற்காடு அம்மா:
வணக்கங்க. பாப்பா சேலத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி. நாங்கள் பிசி. மாதிரித் தேர்வுகளில் 720க்கு 230 பக்கம்தான் வருது, இயற்பியல்தான் இழுக்குது. "பரீட்சை எல்லாம் முடியட்டும், அப்புறம் நீட்டுக்குப் போடலாம், இல்லைன்னா அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்"னு சொல்றா. எப்போது விண்ணப்பிப்பது சரி? சீக்கிரம் போட்டால் சேலத்திலேயே சென்டர் கிடைக்குமா? இந்த வருஷம் எழுதி மார்க் குறைந்தால் பின்னாடி ஏதாவது பாதிக்குமா? அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் நம்பியிருக்கோம்.

ஓமலூர் வாத்தியார்:
அம்மா, "பரீட்சை முடியட்டும்" என்பது மட்டும் நடக்காது. 2025 தேதிகளைப் பாருங்க. நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. திருத்தம் மார்ச் 9 முதல் 11 வரை. நம்ம பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-இல் தொடங்கி 25-இல் முடிஞ்சது. பரீட்சை முடிஞ்சு வெளியே வரும்போது விண்ணப்பம் மூடி இரண்டு வாரத்துக்கு மேல ஆயிருக்கும். 2024-இல் மார்ச் 9 வரை என்று சொல்லி 16 வரை நீட்டினாங்க, ஏப்ரலில் இரண்டு நாள் மறுபடி திறந்தாங்க. அதை நம்பி யாரும் உட்காரக் கூடாது. நீட்டிப்பு என்பது கொடுத்தால் உண்டு, கேட்டு வாங்க முடியாது.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வும் வரும். அதனால் என் கணக்கு இது: விண்ணப்பம் திறந்த நாளே ஓட வேண்டாம், முதல் நான்கு ஐந்து நாள் அந்த வருஷ நீட் தகவல் கையேட்டைப் பதிவிறக்கி முழுசாகப் படியுங்க. அடுத்த வாரத்துக்குள் போட்டு முடிச்சிடுங்க. செய்முறை நடக்கிற நாளில் பிள்ளையை இதுக்கு உட்கார வைக்காதீங்க. கடைசி வாரத்துக்கு எதையும் தள்ளாதீங்க. ஓடிபி வராது, பணம் பாதியில் நிற்கும்.

மார்க் குறைந்தால் பாதிப்பா என்றால், இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், உச்ச வயது வரம்பும் இல்லை. சேர்க்கை நடக்கும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறையணும், அவ்வளவுதான். மறுமுறை எழுதினால் அந்த வருஷ மதிப்பெண்தான் அந்த வருஷக் கலந்தாய்வுக்கு. பிளஸ் டூ எழுதப்போகிறவங்க "இந்த ஆண்டு தேர்வு எழுதுபவர்" என்ற தகுதிக் குறியீட்டில் போடலாம், மார்க் ஷீட் கைக்கு வரக் காத்திருக்கத் தேவையில்லை.

7.5 சதவீதம் பற்றி வருத்தத்தோடுதான் சொல்றேன். அது ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு. அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. பாப்பா எட்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும், மேல் வகுப்பு உதவிபெறும் பள்ளி என்றால் கிடைக்காது. அதைக் கணக்கில் வைத்து மார்க் இலக்கு போடாதீங்க.

அஸ்தம்பட்டி சேவை மையம்:
தேதி ஒருபுறம் இருக்கட்டும். விண்ணப்பத்தில் ஆட்கள் மாட்டுவது பெயரில். முதலில் மூன்று காகிதத்தை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, ஆதார், சாதிச் சான்று. நீட்டில் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடிதான் போகணும். பத்தாவதில் "எஸ் காவியா", ஆதாரில் "காவியா செந்தில்குமார்", சாதிச் சான்றில் "செ. காவியா" என்று மூன்று பெயர் இருக்கிற பிள்ளைகள் நம்ம பக்கம் ஏராளம். இனிஷியலை விரித்து எழுதினதில் வருகிற சிக்கல் இது. பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தால் ஜனவரியிலேயே ஆதார் மையத்துக்குப் போய் ஆதாரைச் சரிபண்ணுங்க, பத்தாம் வகுப்புச் சான்றைத் தொட வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதி ஒரு முறைதான். அதனால் ஒரே தடவையில் சரியாக மாற்றணும்.

அப்படியே பாப்பாவுக்கு 15 வயசு ஆனபின் கைரேகை, கண், முகம் புதுப்பித்தாச்சா என்று கேளுங்க. 5 வயசிலும் 15 வயசிலும் கட்டாயப் புதுப்பிப்பு உண்டு. சின்ன வயசில் எடுத்த ரேகை தேர்வு வாசலில் பொருந்தாமல் போகும். 15 முதல் 17 வயசுக்குள் இதுக்குக் கட்டணம் இல்லை.

செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்க வீட்டுடையதாகவே இருக்கணும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிடுவார். 2025 திருத்தத்தில் செல்போன் எண், மின்னஞ்சல், முகவரி மூன்றையும் மாற்ற விடவில்லை. தேர்வு நகரச் சீட்டு, ஹால்டிக்கெட், ரிசல்ட் எல்லாத்துக்கும் அந்த எண்தான். மலையில் டவர் எடுக்கிற சிம்மாகப் பார்த்துக் கொடுங்க.

கட்டணம் 2025-இல் பொதுப்பிரிவு 1,700 ரூபாய், ஓபிசி மற்றும் ஈடபிள்யூஎஸ் (பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவங்க) 1,600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவர் 1,000. வங்கிச் செலவு தனி. உங்க கணக்கிலிருந்தே கட்டுங்க. பணம் தவறித் திரும்பி வந்தால் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதுக்குத்தான் வரும். பணம் போயும் உறுதிப் பக்கம் வரவில்லை என்றால் விண்ணப்பம் முடியவில்லை என்று அர்த்தம். அப்போது பதறிப்போய் புதுசாக இன்னொரு விண்ணப்பம் திறந்துவிடாதீங்க. ஒருத்தருக்கு ஒரே விண்ணப்பம்தான், இரண்டு போட்டால் ரத்து வரைக்கும் போகும். அதே விண்ணப்ப எண்ணில் உள்ளே போய்ப் பணம் சேர்ந்ததா என்று பாருங்க, சேரவில்லை என்றால் அதிலேயே மறுபடி கட்டுங்க. கடைசி நாள் ராத்திரி இது நடந்தால் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? அதுக்குத்தான் முன்னாடியே போடச் சொல்றது.

நாகலூர் தம்பி:
அக்கா, இடையில் ஒரு கேள்வி. நாங்க மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி, எஸ்டி. தங்கச்சி அரசுப் பள்ளி. சாதிச் சான்று கையில் இல்லை, தாலுகாவில் போட்டால் வருமா? நமக்கு 7.5 சதவீதம் இருக்குன்னு ஒருத்தர் சொல்றார், 1 சதவீதம்தான்னு இன்னொருத்தர் சொல்றார்.

ஓமலூர் வாத்தியார்:
தம்பி, இரண்டு பேரும் சொல்றது சரி, ஆனால் வேற வேற விஷயம். தமிழ்நாட்டு இடங்களில் எஸ்டிக்கு 1 சதவீதம். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில், அதாவது அரசுக் கல்லூரிகளில் நாடு முழுவதுக்கும் பொதுவாக விடுகிற 15 சதவீத இடங்களில், எஸ்டிக்கு 7.5 சதவீதம். அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 மூன்றாவது கணக்கு, அது எல்லாப் பிரிவுக்குள்ளேயும் ஊடே ஓடும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தங்கச்சிக்கு மூன்றுமே பொருந்தும். பள்ளித் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றை இப்போதே கேட்டு வையுங்க.

எஸ்டி சான்று கோட்டாட்சியர் கொடுப்பது, விசாரணை நடக்கும், நாள் பிடிக்கும். பட்டியலில் மலையாளி என்பது சேலம், தர்மபுரி உள்ளிட்ட குறிப்பிட்ட மாவட்டங்களுக்குத்தான் என்பதால் பூர்வீகத்தைப் பார்ப்பாங்க. அப்பா அல்லது அப்பாவழி உறவினரின் பழைய சான்று இருந்தால் நகல் சேர்த்து இந்த வாரமே விண்ணப்பம் போடுங்க. நீட் விண்ணப்பத்தில் பிரிவைச் சரியாகக் குறிங்க, சான்று வரவில்லை என்று பயந்து பொதுவில் போட்டுவிடாதீங்க. கலந்தாய்வுக்குள் சான்று கைக்கு வந்தாகணும்.

ஏற்காடு அம்மா, உங்களுக்கும் இதே பேச்சு. நம்ம ஊர் பிசி, எம்பிசி என்பது மாநிலக் கலந்தாய்வில் கேட்பது. நீட் விண்ணப்பத்தில் ஓபிசி என்.சி.எல். என்றுதான் இருக்கும், அதாவது கிரீமி லேயர் எனும் வசதியான பிரிவில் வராத ஓபிசி. மத்தியப் பட்டியலில் உங்க சாதி இருக்கா, கிரீமி லேயருக்குள் வராமல் இருக்கீங்களா என்று பார்த்துக் குறிங்க. பிசி என்ற பெயரைக் காணோமேன்னு பொதுவில் போட்டால் 15 சதவீத அகில இந்திய இடங்களில் உள்ள 27 சதவீத ஓபிசி ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். ஓபிசி சான்றை ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்குங்க, நடப்பு நிதியாண்டாக இருக்கும்.

ஆத்தூர் அக்கா:
வாத்தியார் சொன்னதில் ஒன்றில் எனக்கு வேற கருத்து. "பாதிப்பு இல்லை, எழுதட்டும்" என்று எல்லாருக்கும் சொல்லக் கூடாது. 230-இல் இருக்கிற பிள்ளை மார்ச்சில் நீட்டையும் பொதுத்தேர்வையும் சேர்த்துத் தூக்கினால் இரண்டும் நழுவும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் பிளஸ் டூ மார்க்கில்தான் கிடைக்குது. நம்ம மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, பக்கத்தில் நாமக்கல்லில் இருக்கு. அந்த வழியை அடைத்துக்கொள்ளக் கூடாது.

ஓமலூர் வாத்தியார்:
அக்கா சொல்றது நியாயம். அதனால்தான் விண்ணப்பிக்கிற முடிவையும் தயாரிப்பு முடிவையும் பிரித்துப் பார்க்கணும். விண்ணப்பம் பிப்ரவரியில். மார்ச் 25 வரை பொதுத்தேர்வு மட்டும். 2025-இல் நீட் மே 4, நடுவில் நாற்பது நாள் இருந்தது. அந்த நாற்பது நாளில் உயிரியலை இறுக்கிப் பிடிச்சால் போதும், 180 கேள்வியில் 90 அதுதான். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் நீட் தகுதி வேணும். விண்ணப்பமே போடவில்லை என்றால் அந்தக் கதவும் சேர்ந்து மூடிடும். 1,600 ரூபாய் திரும்பக் கிடைக்காது, அடுத்த வருஷத்துக்கும் மாறாது. அதைத் தாங்க முடியும் என்றால் போடுங்க.

தமிழ் வழி என்பதால் வினாத்தாள் மொழியில் தமிழ் என்று குறிங்க. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் வரும். ஆங்கிலம் குறித்தால் ஆங்கிலம் மட்டும்தான். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வரிதான் இறுதி, அதனால் அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் பழகட்டும்.

சென்டர்: சேலம், நாமக்கல் இரண்டுமே தேர்வு நகரப் பட்டியலில் இருக்கு. சேலத்தை முதலில் வையுங்க. விருப்ப நகரத்தைத் தர முயற்சி செய்வாங்க, நிர்வாகக் காரணத்தால் வேறு நகரமும் வரலாம் என்று கையேடே சொல்லுது. "முதல் நாள் போட்டால் சேலம் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அதை வைத்து அவசரப்படாதீங்க.

நாகலூர் தம்பி:
ஏற்காடு அம்மா, சேலம் சென்டரே வந்தாலும் மே மாத ஞாயிறு என்பதை மறந்திடாதீங்க. சுற்றுலா வண்டி ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் நெரியும். 2025-இல் தேர்வு மதியம் 2 மணி, கேட் 1.30-க்கு மூடினாங்க. முதல் நாளே சேலத்தில் தங்கிட்டா நல்லது. இல்லைன்னா விடிகாலை முதல் பஸ். அடிவாரப் பாதை அடைச்சுக்கிட்டா குப்பனூர் வழி இருக்கு.

ஏற்காடு அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. ஆதாரில் அப்பா பெயர் முழுசா இருக்கு, பத்தாவதில் இனிஷியல் மட்டும். வியாழக்கிழமை மையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். போட்டோ, கைரேகை எல்லாம் வீட்டிலேயே போனில் எடுக்கலாமா? பாப்பா எப்பவும் கண்ணாடி போட்டிருப்பா, கழற்றணுமா?

அஸ்தம்பட்டி சேவை மையம்:
போட்டோவை ஸ்டுடியோவிலேயே எடுங்க. வெள்ளைப் பின்னணி, முகம் நேராக, இரண்டு காதும் தெரியணும், முகம் படத்தில் எண்பது சதவீதம் நிறையணும். ஒரே படத்தைப் பாஸ்போர்ட் அளவிலும் 4க்கு 6 அங்குல போஸ்ட்கார்டு அளவிலும் கேளுங்க. கோப்பு வேற, பிரிண்ட் வேற. பிரிண்டையும் பத்திரமா வையுங்க, தேர்வன்று அதே படம் வேணும். எப்பவும் போடுகிற கண்ணாடி என்றால் கழற்ற வேண்டாம். ஆனால் விளக்கு கண்ணாடியில் வெள்ளையாக அடித்துக் கண்மணி மறையக் கூடாது. ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி, முகவாயை ஒரு விரற்கடை தாழ்த்தி மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

கைரேகைக்கு ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்தினால் மை குளம் கட்டி ரேகையே தெரியாது. முதலில் பழைய பேப்பரில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு, வெள்ளைத்தாளில் விரலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்ல உருட்டட்டும். இடது கை ஐந்து, வலது கை ஐந்து, எது எந்தக் கை என்று குழம்பாமல் வைக்கட்டும். கையெழுத்து கறுப்பு மையில், சேர்த்து எழுதினதாக இருக்கணும், பெரிய எழுத்தில் பிரித்துப் போட்டால் ஏற்க மாட்டாங்க. போனில் படம் எடுத்தால் நிழலும் மஞ்சளும் விழும், ஸ்கேன் பண்ணுங்க. கோப்பு அளவு எத்தனை கேபி என்பதை அந்த வருஷக் கையேட்டைப் பார்த்தே குறைங்க, வருஷத்துக்கு வருஷம் மாறுது.