1791: பிரான்ஸ் யூதர்களுக்குக் கொடுத்தது உரிமையா, கைமாற்றா?

நெய்தல்:
1791 செப்டம்பர் 27 அன்று பிரான்சின் தேசிய சபை எல்லா யூதர்களையும் குடிமக்கள் ஆக்கியது. ஒரே சட்டம், வேலை முடிந்தது. இதற்குப் பிறகும் 'அரைகுறை விடுதலை' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

பழையதாள்:
ஒரே சட்டமா? 1790 ஜனவரியில் தெற்கே போர்தோ, பயோன், அவிஞ்ஞோன் யூதர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் அதிகமான, வடகிழக்கு எல்லையோர அல்சாஸ் யூதர்கள் வாசலில் நின்றார்கள். அதன் பெருநகரம் ஸ்ட்ராஸ்பூரில் யூதர் பகலில் வியாபாரத்துக்கு வரலாம். சாயங்காலம் பேராலயத்தின் உச்சியிலிருந்து கொம்பு ஊதினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊருக்குள் நுழைய ஆளுக்கு வரி வேறு, ஆடுமாடு ஓட்டி வந்தால் வாங்குவதுபோல. அந்த வரி ஒழிந்ததே 1784இல்தான்.

நெய்தல்:
சரி, அந்தக் கொம்பின் வாயை அடைத்தது யார்? புரட்சிதானே! இருபது மாதம் தாமதம் என்பதற்காகக் கொடுத்ததே இல்லை என்று ஆகிவிடுமா?

பழையதாள்:
கொடுத்த மறுநாளே சபையில் அல்சாஸ் உறுப்பினர் ரூபெல், அங்குள்ள குடியானவர்கள் யூதர்களிடம் வாங்கிய கடனைக் கிளப்பினார். யூதர்கள் தங்களுக்கு வரவேண்டிய பாக்கிக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று தனித் தீர்மானம். அப்புறம் 1808 மார்ச்சில் நெப்போலியன் ஆணை: வியாபாரம் செய்ய வருடாவருடம் தனி உரிமம். பட்டாளத்துக்குத் தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பும் வசதி மற்றவர்களுக்கு உண்டு, இவர்களுக்குக் கிடையாது. போர்தோ வட்டார யூதர்களுக்கு விலக்கு. பத்து வருடம் ஓடியது இந்தக் கூத்து.

வழிப்போக்கன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1789 டிசம்பரிலேயே சபை உறுப்பினர் கிளெர்மோன்-தொனேர் விலையைச் சொல்லிவிட்டார்: தனி இனமாக யூதர்களுக்கு ஒன்றும் கிடையாது, தனி மனிதர்களாக எல்லாம் உண்டு. சொந்த நீதிமன்றத்தை விட்டுவிட்டு வா என்று அர்த்தம். இத்தனைக்கும் அவர் யூதர் பக்கம் பேசியவர்!

நெய்தல்:
விலை இல்லாத குடியுரிமை எங்கே இருக்கிறது? 1818இல் நெப்போலியன் ஆணை காலாவதி ஆனது, யாரும் புதுப்பிக்கவில்லை. 1870இல் க்ரெமியு ஆணை, அன்று பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியாவின் யூதர்களையும் குடிமக்கள் ஆக்கியது. பாதை முன்னால்தான் போயிருக்கிறது.

பழையதாள்:
அதே க்ரெமியு ஆணையை 1940 அக்டோபர் 7 அன்று, ஜெர்மனியிடம் தோற்று நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு ஒரே கையெழுத்தில் ரத்து செய்தது.

நெய்தல்:
விஷி செய்த பாவத்தை 1791 கணக்கில் எழுதாதீர்கள், நண்பரே.

பழையதாள்:
எழுதவில்லை. 1942 நவம்பரில் நேச நாட்டுப் படை அல்ஜியர்ஸில் இறங்கிவிட்டது. 1943 மார்ச்சில், அங்கே அதிகாரத்தில் இருந்த பிரெஞ்சுத் தளபதி ஜெனரல் ஜிரோ விஷியின் சட்டங்கள் செல்லாது என்றார். அதே கையோடு க்ரெமியு ஆணையை மறுபடி ரத்து செய்தார். அது உயிர் பெற்றது அக்டோபரில். அந்தப் பதினொரு மாதத்தை யார் கணக்கில் எழுதுவது?