மெதுவாக சார்ஜ் ஏற்றினால் துகள்களுக்கு நிம்மதியா?

அயனிவால்:
லித்தியம் பேட்டரி பற்றிய இன்னொரு இழையில் பழையசெல் எழுதியது இது: "மெதுவாக சார்ஜ் ஏற்றினால் எலக்ட்ரோடில் உள்ள எல்லாத் துகள்களும் சேர்ந்து நிதானமாக வேலை செய்யும். அவசரப்பட்டால்தான் அடி." பேட்டரியின் நேர்முனை எலக்ட்ரோடில் (கேத்தோடில்) பயன்படும் எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் இப்படி நடப்பதில்லை. மெதுவாக ஓட்டும்போது எந்த நொடியில் எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலான துகள்கள் ஒன்று லித்தியத்தால் நிறைந்திருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும். நடுவில் இருப்பவை கொஞ்சம்தான். மொத்தக் கரண்டும் அந்தக் கொஞ்சத்தின் தலையில்தான்.

பழையசெல்:
எப்படி சார்? எல்லாம் ஒரே பொருள், ஒரே மின்னழுத்தம். ஒன்று மட்டும் முந்திக்கொள்ள என்ன அவசியம்?

அயனிவால்:
அந்தப் பொருளுக்குப் பாதி நிறைந்த நிலை ஒத்துவராது. லித்தியம் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று பிரியவே பார்க்கும். 3.4 வோல்ட் பக்கம் மின்னழுத்த வரைபடம் தட்டையாகப் போவது அதனால்தான். தொடங்க ஒரு தடை இருக்கிறது. அதைத் தாண்டிய துகள் பாதியில் நிற்காது, ஓடி முடித்துவிடும். மற்றவை அதுவரை சும்மா இருக்கும்.

கணக்குப் போடுங்கள். பத்து மணி நேர சார்ஜ். ஒரு சமயத்தில் 5 சதவீதத் துகள்கள்தான் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துகளும் தன் லித்தியத்தை அரை மணியில் விட்டுவிடுகிறது. செல்லுக்கு அது மெதுவான சார்ஜ். துகளுக்கு அல்ல.

பழையசெல்:
அந்த 5 சதவீதம் நீங்களே வைத்துக்கொண்டது. அப்படி வைத்தால் எந்தக் கணக்கும் அழகாகத்தான் வரும். யாராவது கண்ணால் பார்த்தார்களா?

அயனிவால்:
2014இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி தரும் வலுவான எக்ஸ்ரேயில் இயங்கும் நுண்ணோக்கியில் துகள் துகளாகப் பார்த்தார்கள். கரண்டைக் கூட்டக் கூட்ட, ஒரே நேரத்தில் வேலை செய்யும் துகள்கள் அதிகமாயின. ஒவ்வொன்றும் சுமக்கும் கரண்ட் அந்த அளவுக்கு ஏறவில்லை.

பழையசெல்:
அங்கேதான் இடிக்கிறது. ஓட்டத்தை நிறுத்தி, செல்லைப் பிரித்து, அப்புறம் பார்த்தது அது. பாதி நிறைந்த துகள் அந்த இடைவெளியில் பக்கத்துத் துகளோடு லித்தியத்தைப் பரிமாறிக்கொள்ளாதா? கடைசியில் ஒன்று நிறைந்து, மற்றது காலியாகி நிற்கும். உடனே "பார்த்தீர்களா, ஒவ்வொன்றாகத்தான்" என்பீர்கள்.

அயனிவால்:
நியாயமான கேள்வி. 2016இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதற்குத்தான் பதில். லித்தியம் அயனிகள் நகரும் திரவ எலக்ட்ரோலைட்டுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தனித்தனித் துகளைப் படம் பிடித்தார்கள். வேகமாக லித்தியம் உள்ளே போகும்போது துகளுக்குள் ஓரளவு சீராகப் பரவுகிறது. வெளியே வரும்போது திட்டுத் திட்டாகிறது. ஓட்டத்தில் இருக்கும்வரை நடுநிலை தாக்குப்பிடிக்கும் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அது வேகத்தில் நடப்பது. மெதுவான ஓட்டத்தில் அங்கேயும் பிரியத்தான் செய்தது.

கருப்புத்தூள்:
கேத்தோடை வைத்தே அடித்துக்கொள்கிறீர்கள். எதிர்ப்பக்கம், சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்ச் சேரும் கிராஃபைட் இருக்கிறதே! கண்ணாடிச் சன்னல் வைத்த செல்லில் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும்: லித்தியம் ஏற ஏறக் கறுப்பு நீலமாகும், பிறகு சிவப்பு, கடைசியில் தங்க நிறம். வேகமாக ஏற்றினால் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள செபரேட்டர் சவ்வை ஒட்டிய துகள்கள் தங்கமாக மின்னும்போது பின்னால் இருப்பவை இன்னும் நீலத்திலேயே கிடக்கும். முன்வரிசை நிரம்பியபின் வரும் லித்தியம் உள்ளே இடமில்லாமல் மேலேயே உலோகமாகப் படியும். வேக சார்ஜில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பழையசெல்:
அதைத்தானே நானும் சொன்னேன், மெதுவாக ஏற்றுங்கள் என்று!

அயனிவால்:
அறிவுரை சரி, சொன்ன காரணம்தான் தப்பு. கரண்டை மொத்தத் துகள் பரப்பால் வகுத்து வினைவேகம் கணக்கிடுகிறவர்கள் எல்எஃப்பியில் அதைக் குறைத்து மதிப்பிடுவது, கொஞ்சம் துகள்களே வேலை செய்வதால்தான். வகுக்க வேண்டியது வேலை செய்யும் பரப்பால்.

பழையசெல்:
நிக்கல் அதிகமுள்ள கேத்தோடில்? அங்கே தட்டையான வரைபடமே இல்லை. எல்லாம் சேர்ந்துதான் நிரம்பும். விரிசல் விடுவதும் அதுதான்.

கருப்புத்தூள்:
நிரம்புவது அப்படித்தான். விரிசல் வேறு கதை. பத்து மைக்ரான் உருண்டைக்குள் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவுள்ள குறுமணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். 4.2 வோல்ட் பக்கம் படிக அடுக்குகள் சட்டென்று சுருங்கும்போது மணிகளுக்கு இடையே பிளக்கிறது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் அந்த உயரத்துக்குப் போனால் சுருக்கம் உண்டு.

பழையசெல்:
அப்போ வேகத்தைவிட உச்ச வோல்ட்டைத்தான் குறைக்கணுமா?

கருப்புத்தூள்:
அந்தக் கேத்தோடுக்கு ஆமாம். கிராஃபைட்டுக்கு வேகத்தைக் குறையுங்கள்.