நீல் தீவில் சும்மா இருந்த அனுபவம் – போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
அந்தமான் போகிறவர்கள் பெரும்பாலும் ஹேவ்லாக் தீவில் தங்கிவிட்டு, நீல் தீவைக் காலையில் வந்து மாலையில் கிளம்புகிற இடமாக வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், ஓய்வுக்காகப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 2018 கடைசியில் ஷஹீத் த்வீப் என்று பெயர் மாறியது. ஊரில் புழங்குவது என்னவோ இன்னும் நீல்தான்.

இங்கே நம் கைக்கடிகாரத்துக்கு வேலை இல்லை, கடல் வைத்ததுதான் நேரம். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. தண்ணீர் ஏறியிருக்கும்போது குளம் மாதிரி அமைதியாக இருக்கும், இறங்கிக் குளிக்கலாம். அதே இடத்தில் கடல் உள்வாங்கிவிட்டால் பவளப்பாறையெல்லாம் வெளியே தெரியும், கால் வைக்க முடியாது. லட்சுமண்பூர் கடற்கரையில், பாறையே பாலம்போல வளைந்து நிற்கும் இயற்கைப் பாலத்துக்கு நேர்மாறான கணக்கு. கடல் உள்வாங்கினால்தான் பாறைகளைத் தாண்டி அந்தப் பாலம் வரை போக முடியும். இந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நன்றாகவே உள்வாங்கும். அதனால் 'காலை பத்து மணிக்குப் பாலம்' என்று முன்கூட்டியே அச்சடித்துத் தருகிற பேக்கேஜ்களை நம்பாதீர்கள். தங்கும் இடத்தில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

பாலத்துக்கு உள்ளூர் வங்காளிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஓரிடத்தில் நின்று, "நிழல் விழாமல் தள்ளி நில்லுங்கள்" என்றார் இந்தியில். பாறை இடுக்கில் ஒரு பெரிய சிப்பி வாய் திறந்திருந்தது. உதடு மட்டும் நீலமும் ஊதாவுமாக, வெல்வெட் துணியை மடித்து வைத்ததுபோல. அவர் மெதுவாகக் கையை மேலே நீட்டினார். நிழல் பட்டதுதான் தாமதம், சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தது. கடல் அட்டை, நண்டு எல்லாம் காட்டினார், எதையும் கையில் எடுக்கவே விடவில்லை. எனக்கு அந்தச் சிப்பியே போதுமாக இருந்தது.

மதுரைக்காரி:
நாங்கள் அம்மா அப்பாவோடு போனோம். அவர்களுக்கு ஸ்நார்க்கெலிங், கண்ணாடி அடிப் படகு எதிலும் ஆர்வமில்லை. அம்மாவுக்குப் பிடித்துப்போனது சந்தைதான்! தீவில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்டவர்களின் குடும்பங்கள். நன்றாக விவசாயம் செய்கிறார்கள், போர்ட் பிளேருக்கே (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இங்கிருந்து காய்கறி போகிறது.

சந்தையில் ஒரு அக்கா வாழைப்பூ விற்றுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அம்மா ஒரு மடலைப் பிரித்து, பூவிலிருந்து கள்ளனைக் கிள்ளிக் காட்டி, "நீங்களும் இதை எடுப்பீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த பூவை எடுத்து அதே மாதிரி கிள்ளிக் காட்டினார். அப்புறம் என்ன, பக்கத்தில் ஸ்டூல் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் இரண்டு பேரும் வாழைப்பூ ஆய்ந்தார்கள். அப்பாவும் நானும் இளநீர் குடித்துக்கொண்டு நின்றோம். மதியம் சாப்பிட்ட மீன் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். பருப்பு, கத்தரிக்காய் வறுவல், கடுகெண்ணெய் வாசத்தோடு மீன் குழம்பு. கடுகெண்ணெய் பழக்கமில்லாதவர்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அலைகடல்:
மேலே சொன்னதோடு சில விஷயங்கள். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்துகொண்டு நம் கடிகாரத்தையே வைத்திருப்பதால் இப்படி. லட்சுமண்பூரில் அஸ்தமனம் பார்க்க நாலரைக்கே போய்விடுங்கள். சூரியோதயத்துக்குச் சீதாபூர். அங்கே அலை வேகமாக இருந்தது, நாங்கள் இறங்கவில்லை. அந்தமான் கடலில் உப்புநீர் முதலைகளும் உண்டு, எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் வீரம் காட்ட வேண்டாம். மாலையில் மணலில் படுத்தால் மணல் ஈ கடித்து ஒரு வாரம் சொறிய வைக்கும், பாய் கொண்டுபோங்கள்.

பவளத் துண்டு செத்ததாக இருந்தாலும் பையில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். வானிலை கெட்டால் கப்பல் ரத்தாகும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள்.

மதுரைக்காரி:
@ஊர்சுற்றி, அந்தப் பாலத்துக்கு வயதானவர்கள் நடக்க முடியுமா? அம்மா அடுத்த முறை போகலாம் என்கிறார்.

ஊர்சுற்றி:
முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். பாறையெல்லாம் பாசி, கைப்பிடி எதுவும் கிடையாது. நடக்கக்கூடியவர் என்றால் பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள், ஹவாய் செருப்பு வழுக்கும்.