கண்ணில் எத்தனை எலெக்ட்ரான்? குடும்பக் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

யாழினி, இரவு 7:48
பெரியப்பா விதித்த எழுத்துத் தமிழ் ஒழுங்கை மீறாமல் ஓர் உதவி கேட்கிறேன். தமிழ்மொழி விழாவை ஒட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் அடுத்த வாரம் எட்டு நிமிடம் பேச வேண்டும். "திரைப்பாடலும் நவீன இயற்பியலும்" என்று தலைப்பை நானே கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. தேடிப் பார்த்தால், இந்தக் கவிஞர் ஐன்ஸ்டீனின் சார்பியலை அன்றே சொல்லிவிட்டார், அந்தக் கவிஞர் குவாண்டத்தை முன்பே உணர்ந்துவிட்டார் என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டே மேடையேறி அப்படிப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

பெரியப்பா, இரவு 7:55
கூச்சம் எதற்கம்மா? குறளின் பெருமையைச் சொல்ல வந்தபோது, அணுவைத் துளைத்து ஏழு கடலைப் புகட்டியது போன்றது என்று பாடிய ஔவை நம்மிடம் இருக்கிறார். அணுவுக்குள்ளே கரு ஒன்று இருக்கிறது என்று ரதர்ஃபோர்டு சொன்னது 1911இல்தான். ஔவையிலிருந்து தொடங்கு, அரங்கமே கைதட்டும்.

கவின் அண்ணா, இரவு 8:02
கைதட்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை, அப்பா. ஆனால் அந்த வரியில் அணு என்பதற்கு மிகச் சிறியது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதே உவமையில் இடைக்காடர் கடுகைத் துளைக்கிறார் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். மேல்நாட்டு அறிவியலைத் தமிழில் எழுதியவர்கள் அந்தப் பழைய சொல்லை எடுத்துப் புதிய பொருளுக்குச் சூட்டினார்கள். நாமே பெயர் சூட்டிவிட்டு, அந்தப் பெயரையே கண்டுபிடிப்புக்குச் சான்றாகக் காட்டினால் எப்படி? யாழினி, பாட்டு முன்பே சொன்னது என்று ஆரம்பிக்காதே. பாட்டு எதையாவது கேட்கிறதா, அதற்கு இயற்பியலால் ஓர் எண்ணைப் பதிலாகத் தர முடியுமா என்று பார்.

சித்தி, இரவு 8:07
அப்படியானால் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. 2010இல் வெளிவந்த எந்திரன் படத்தில் வைரமுத்து எழுதிய 'காதல் அணுக்கள்' பாட்டு, நாயகியின் நீலக் கண்ணில் நியூட்ரானும் எலெக்ட்ரானும் மொத்தம் எத்தனை என்று கேட்கிறது. இத்தனை ஆண்டுகளாக முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறோம், யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

கவின் அண்ணா, இரவு 8:09
இதுதான் எனக்கு வேண்டியது. நீங்கள் கண் மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறீர்களே சித்தி, வளர்ந்தவரின் கண் ஒன்று எவ்வளவு எடை இருக்கும்?

சித்தி, இரவு 8:10
ஏழரை கிராம் அளவில் இருக்கும். பெரும்பகுதி நீர்தான்.

கவின் அண்ணா, இரவு 8:24
அப்படியென்றால் முழுவதும் நீர் என்றே வைத்துக் கணக்கிடலாம். பெரிய பிழை வராது. இரு கண்களும் சேர்ந்து 15 கிராம். 18 கிராம் நீரில் அவகாட்ரோ எண்ணின்படி 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு மூலக்கூறுகள் இருப்பதால், 15 கிராமில் ஏறத்தாழ 5 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு மூலக்கூறுகள். ஒரு நீர் மூலக்கூறில் ஆக்சிஜனுக்கு 8, இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒவ்வொன்று என 10 எலெக்ட்ரான்கள். ஆகவே எலெக்ட்ரான்கள் 5க்குப் பின்னால் 24 சுழியங்கள், அதாவது ஐயாயிரம் கோடி கோடி கோடி. சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது. ஆக்சிஜனின் 8 மட்டும்தான். ஆகவே நியூட்ரான்கள் நாலாயிரம் கோடி கோடி கோடி. பிரபஞ்சம் தோன்றி 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த முதல் நொடியிலிருந்து காதலன் எலெக்ட்ரான்களை எண்ணத் தொடங்கியிருந்தாலும், நொடிக்கு ஒரு கோடிக்கு மேல் எண்ணியிருந்தால்தான் இன்றைக்கு முடித்திருப்பான். இன்னொன்றும் கவனித்தேன். கவிஞர் புரோட்டானைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மின்சுமை சமமாக இருக்கும் பொருளில் அது எலெக்ட்ரானின் எண்ணிக்கையேதான்.

பெரியப்பா, இரவு 8:28
எலெக்ட்ரானுக்கு எதிர்மின்னி என்றும் நியூட்ரானுக்கு நொதுமி என்றும் அழகான சொற்கள் இருக்கும்போது நீ ஏன் இப்படி எழுதுகிறாய்?

கவின் அண்ணா, இரவு 8:30
வைரமுத்துவே நியூட்ரான் என்றுதான் எழுதியிருக்கிறார், அப்பா. மெட்டுக்கு நொதுமி உட்காராது. ஆனால் உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று சொல்கிறேன். அணுக்கருவுக்குள் இருக்கும் நியூட்ரான் பெரும்பாலும் நிலைத்திருக்கும். அதைத் தனியே வெளியில் விட்டால் சராசரியாகக் கால் மணி நேரம்கூடத் தாங்காமல் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் சிதைந்துவிடும். கூடவே எதிர்நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள் ஒன்றும் பிறக்கும்.

பெரியப்பா, இரவு 8:31
பிரிவாற்றாமை.

யாழினி, இரவு 8:33
இதை அப்படியே மேடையில் சொல்லப்போகிறேன், பெரியப்பா. எலெக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டது 1897இல், நியூட்ரானைச் சாட்விக் கண்டது 1932இல் என்பதையும் குறித்துக்கொண்டேன். அந்தக் கேள்வியை 1932க்கு முன்னால் எந்தக் கவிஞரும் இந்த வடிவில் கேட்டிருக்க முடியாது என்று நினைக்கும்போது, இதில் முன்னால் நடந்தது இயற்பியல், பின்னால் வந்தது பாட்டு என்று தோன்றுகிறது.

மாமா, இரவு 8:41
பயணியை இறக்கிவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். 1994இல் காதலன் படத்துக்கு வைரமுத்து எழுதிய 'என்னவளே' பாட்டில், காத்திருப்பவனுக்கு ஒரு நிமிஷமும் வருஷமாகிவிடுகிறது. ஐன்ஸ்டீன் சொன்னதும் அதுதானே? சிங்கப்பூருக்கு வந்த புதிதில் என்றில்லை, இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் ஒலிநாடா வாங்கி, தேயும்வரை கேட்ட பாட்டு அது.

கவின் அண்ணா, இரவு 8:58
அதுவேதான் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், மாமா. ஆனால் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு வருஷத்தில் 525,600 நிமிஷங்கள். ஒருவருடைய கடிகாரத்தில் ஒரு நிமிஷமும் மற்றவருடைய கடிகாரத்தில் ஒரு வருஷமும் கழிய வேண்டுமென்றால், 1905இல் வந்த சிறப்புச் சார்பியலின்படி, ஒருவர் ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் பயணம் போக வேண்டும். எவ்வளவு அருகில் என்றால், ஒளி நொடிக்கு 299,792,458 மீட்டர் போகிறது. அவர் அதைவிட நொடிக்கு அரை மில்லிமீட்டர் மட்டும் குறைவாகப் போக வேண்டும். ஜெனிவாவுக்கு அருகில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையமாக இருக்கும் துகள் முடுக்கியில் சுற்றும் புரோட்டான்களே ஒளிக்கு நொடிக்கு மூன்று மீட்டர் பின்தங்கித்தான் ஓடுகின்றன.

இங்கேதான் ஒரு திருப்பம். வேகமாகப் போகிறவரின் கடிகாரம்தான் மெதுவாக ஓடும். காத்திருக்கும் காதலன் அசையாமல் நிற்கிறான். அவனுக்கு முழுதாக ஒரு வருஷம் கழிகிறது. ஒரு நிமிஷம் கழிவது போய்த் திரும்பும் அவளுக்குத்தான். அதற்குள் அவள் அரை ஒளியாண்டுத் தொலைவு சென்று திரும்பியிருப்பாள். சூரியனுக்கு அடுத்த விண்மீனே 4.24 ஒளியாண்டில் இருக்கிறது என்பதால், வழியில் எதையும் பார்த்திருக்கவும் மாட்டாள். "ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டேனே" என்று அவள் சொன்னால் அது பொய்யில்லை, "ஒரு வருஷம் நின்றேன்" என்று அவன் சொன்னால் அதுவும் பொய்யில்லை. பாட்டில் இருப்பது ஒரே ஆள் மனத்துக்குள் நீட்டிக்கொள்ளும் நேரம். ஐன்ஸ்டீன் பேசுவது, பிரிந்து மீண்டும் சந்திக்கும் இரண்டு கடிகாரங்களை ஒப்பிடுவது பற்றி. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பேச்சு வெறும் சிலேடையாகிவிடும், யாழினி.

மாமா, இரவு 9:03
என் வேலையில் காத்திருப்பவர் பயணி, பறப்பவன் நான். ஆனால் நிமிஷத்தைக் குறைத்துக் காட்டுவது என் கைப்பேசியின் வரைபடம்.

கவின் அண்ணா, இரவு 9:12
அந்த வரைபடத்திலேயே ஐன்ஸ்டீன் உட்கார்ந்திருக்கிறார், மாமா. வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. அவற்றின் வேகத்தால் அங்குள்ள கடிகாரங்கள் ஒரு நாளைக்கு 7 மைக்ரோநொடி பின்தங்கும். ஈர்ப்பு அங்கே குறைவாக இருப்பதால், 1915இல் வந்த பொதுச் சார்பியலின்படி, 45 மைக்ரோநொடி முந்தும். கழித்துப் பார்த்தால் நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்துகின்றன. அந்தச் சிறு நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தேக்காவிலிருந்து தெம்பனீசுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ அவ்வளவுதான். இந்தக் கணக்கை முன்கூட்டியே சரிசெய்துதான் கடிகாரங்களை மேலே அனுப்புகிறார்கள்.

பெரியம்மா, இரவு 9:15
பாட்டு என்றால் நிலா இல்லாமலா? 1986இல் வந்த மௌன ராகம் படத்தில் வாலி எழுதிய 'நிலாவே வா' என்ற பாட்டை எழுதிக்கொள், யாழினி. நிலாவைப் போகாதே, வா என்று கூப்பிடுகிற பாட்டு.

கவின் அண்ணா, இரவு 9:23
அம்மா, நிலா போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. அந்தப் பாட்டு வந்த நாளிலிருந்து இதுவரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பானை நோக்கிப் பூமியிலிருந்து லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, அது இரண்டரை நொடியில் திரும்பி வரும் நேரத்தை அளந்து கண்டுபிடிக்கிறார்கள். அனுப்பும் கோடானுகோடி ஃபோட்டான்களில், அதாவது ஒளித்துகள்களில், திரும்பி வந்து சேர்வது ஒன்றிரண்டுதான். நிலா விலகுவதற்குக் காரணம் கடலில் இருக்கிறது. கடல்நீரை நிலா இழுத்து ஓதத்தை, அதாவது கடலின் ஏற்றவற்றத்தை, உண்டாக்குகிறது. பூமி வேகமாகத் தன்னைத்தானே சுற்றுவதால் அந்த நீர்ப்பெருக்கம் நிலாவுக்குச் சற்று முன்னால் தள்ளப்படுகிறது, அது நிலாவை முன்னோக்கி இழுத்து மேலும் விரிந்த பாதைக்கு ஏற்றிவிடுகிறது. புலாவ் ஊபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் தண்ணீர் வடிந்த நேரத்தில் நாம் நட்சத்திர மீன் பார்த்தோமே, அந்த ஓதத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

யாழினி, இரவு 9:26
ஓதம் நியூட்டனின் இயற்பியல்தானே, அண்ணா? என் தலைப்பில் நவீன இயற்பியல் என்று இருக்கிறது.

கவின் அண்ணா, இரவு 9:29
காரணம் பழையது, அளவுகோல் புதியது. லேசருக்கு அடிப்படையான தூண்டல் உமிழ்வை, அதாவது ஓர் ஒளித்துகள் தூண்ட அணு அதே போன்ற இன்னொன்றை உமிழ்வதை, ஐன்ஸ்டீன் 1917இல் எழுதினார். அதே அளவீட்டைக் கொண்டு, பூமியும் நிலாவும் சூரியனை நோக்கி ஒரே மாதிரி விழுகின்றனவா என்று பொதுச் சார்பியலையே சோதிக்கிறார்கள். இதுவரை வேறுபாடு தென்படவில்லை.

பெரியப்பா, இரவு 9:34
கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈருடல் ஓருயிர் என்று பாடாத காதல் பாட்டு உண்டா? எங்கேயோ இருக்கும் இரு துகள்கள் ஒன்றையொன்று அறியும் என்கிறார்களே, குவாண்டம் பின்னல், அது இதுவாகாதா?

கவின் அண்ணா, இரவு 9:47
எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது, அப்பா. பின்னலில் உள்ள இரண்டு ஃபோட்டான்களில் ஒன்றை இங்கே அளந்தால் வரும் விடை தற்செயலானது. மற்றொன்றை அங்கே அளப்பவருக்கும் தற்செயலாகத்தான் வரும். இருவரும் பிறகு தொலைபேசியில் பேசி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான், சாதாரண விளக்கம் எதற்கும் அடங்காத பொருத்தம் தெரியவரும். அந்தப் பொருத்தத்தைக் கொண்டு ஒரு "நலமா" கூட அனுப்ப முடியாது. ஆனால் இதில் சிங்கப்பூருக்கு ஒரு கதை உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் இயங்கும் குவாண்டம் தொழில்நுட்ப மையம், காலணிப் பெட்டி அளவில் ஸ்பூக்கி-1 என்ற செயற்கைக்கோளைச் செய்து, 2019இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவித்து, சுற்றுப்பாதையிலேயே பின்னிய ஃபோட்டான் இணைகளை உண்டாக்கிக் காட்டியது. ஐன்ஸ்டீன் இந்தப் பின்னலை 'ஸ்பூக்கி', அதாவது பேய்த்தனம், என்று குறைகூறியதைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆள் இடையில் ஒட்டுக்கேட்டால் அந்தப் பொருத்தம் குலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் செய்திகளைப் பூட்டும் இரகசியச் சாவிகளைப் பகிர இது உதவுகிறது.

பெரியம்மா, இரவு 9:49
மூன்றாம் ஆள் நுழைந்தால் குலைந்துவிடும் என்றால், அது காதலேதான். உங்கள் அப்பா சொன்னதில் பாதி சரி.

யாழினி, இரவு 9:55
எட்டு நிமிடத்தில் நான்கும் அடங்காது. கண்ணையும் காத்திருப்பையும் எடுத்துக்கொள்கிறேன். நிலாவை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், பெரியம்மா, அதற்குள் இன்னும் 3.8 சென்டிமீட்டர்தான் தள்ளிப் போயிருக்கும். ஒரே ஓர் ஐயம். அரங்கில் இருக்கப்போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கறுப்புக் கண்தான். யாராவது எழுந்து, நீலக் கண்ணுக்குப் போட்ட கணக்கு எங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டால் என்ன சொல்வது?

சித்தி, இரவு 9:58
நீலக் கண்ணில் நீல நிறப்பொருள் எதுவும் கிடையாது என்று சொல். கருவிழிப் படலத்தில் மெலனின் என்ற கரும் நிறப்பொருள் குறைவாக இருப்பதால், குறுகிய அலைநீள ஒளி அதிகமாகச் சிதறி நீலமாகத் தெரிகிறது. நமக்கு மெலனின் கூடுதல், அவ்வளவுதான்.

கவின் அண்ணா, இரவு 10:00
அந்தக் கூடுதல் மெலனினும் 15 கிராமில் ஒரு துளிதான், யாழினி. ஐயாயிரம் கோடி கோடி கோடி என்று தயங்காமல் சொல். கறுப்புக் கண்ணுக்கும் அதே எண்தான்.